இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு இருந்தால் மெடிக்கல் கார்டு கிடைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில், நோயாளியைப் பதிவு செய்யும் முகப்பில் பல வருடம் வேலை பார்த்தேன். காலையில் கையில் மெடிக்கல் கார்டோடு, அதாவது மருத்துவமனை பில்லைக் கட்டும் காப்புறுதி அட்டையோடு, நம்பிக்கையாக வருவார்கள். மாலையில் அதே குடும்பம் முன்பணத்துக்கு அண்ணன் தம்பிகளுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும். பாதிப் பேருக்கு அந்தக் கார்டு எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதே முகப்பில் நிற்கும்போதுதான் தெரியவரும். ஒரு மெடிக்கல் கார்டின் தகுதியை இரண்டு முறை பார்க்கிறார்கள்: பாலிசி எடுக்கும்போது ஒரு முறை, பில் வரும்போது இன்னொரு முறை. முதல் முறை யாரும் கவலைப்படுவதில்லை. இரண்டாவது முறைதான் கண்ணீர். வேலையை விட்ட பிறகும் சொந்தக்காரர்களும் கோவில் நண்பர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

எனக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறது. கார்டு எடுக்கவே முடியாதா?

முடியாது என்று யாராவது ஒரே வார்த்தையில் சொன்னால் நம்பாதீர்கள். முடியும் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நிறுவனம் பார்ப்பது நோயின் பெயரை மட்டும் அல்ல. எத்தனை வருடமாக இருக்கிறது, மாத்திரையா இன்சுலினா, எச்பிஏ1சி (சில மாதச் சராசரி ரத்தச் சர்க்கரை) அளவு எவ்வளவு, சிறுநீரகம், கண், கால் நரம்பு ஏதாவது பாதிக்கப்பட்டிருக்கிறதா, கூடவே ரத்தக் கொதிப்பும் கொழுப்பும் உண்டா, எடை எவ்வளவு, புகை பிடிப்பவரா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள். 45 வயதுக்காரர், மூன்று வருடமாக ஒரே மாத்திரை, அளவு 7க்குக் கீழே, சிறுநீரில் புரதம் இல்லை என்றால் ஏதோ ஒரு நிபந்தனையோடு எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதே வயதில் காலில் ஆறாத புண்ணும் சிறுநீரகக் கோளாறும் இருந்தால் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். ரத்தக் கொதிப்பு மட்டும், அதுவும் மாத்திரையில் கட்டுப்பட்டு இருந்தால் நிலைமை கொஞ்சம் இலகு.

ஒரு நிறுவனம் மறுத்தால் எல்லாரும் மறுப்பார்கள் என்றில்லை. தக்காஃபுல் (இஸ்லாமிய முறைக் காப்புறுதி) நிறுவனங்களையும் கேட்டுப் பாருங்கள். அது முஸ்லிம்களுக்கு மட்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஆனால் ஒரு இடத்தில் மறுத்ததை அடுத்த விண்ணப்பத்தில் மறைக்க முடியாது. “இதற்கு முன் எங்காவது மறுக்கப்பட்டதா?” என்ற கேள்வி பெரும்பாலும் படிவத்திலேயே இருக்கும்.

மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. டாக்டர் “கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றுதான் சொன்னார். அது கணக்கா?

கணக்குதான். ஏற்கெனவே இருந்த நோய் என்று பாலிசியில் எழுதியிருப்பது சிகிச்சை எடுத்ததை மட்டும் குறிப்பதில்லை. சிகிச்சை எடுத்தது, எடுக்கச் சொல்லி டாக்டர் ஆலோசனை சொன்னது, பரிசோதனையில் கண்டுபிடித்தது, தெளிவான அறிகுறிகள் தெரிந்தது, சாதாரண மனிதருக்கே தெரிந்திருக்கக்கூடியது எல்லாமே அதற்குள் வரும்.

இனிப்புநீர் விஷயத்தில் நம் நாட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. பல நாடுகளில் எச்பிஏ1சி 6.5 சதவிகிதத்தை எட்டினால்தான் இனிப்புநீர் என்பார்கள். மலேசிய வழிகாட்டி 6.3ஐயே எல்லையாக வைத்திருக்கிறது. அதனால் “6.4தானே, இன்னும் பார்டர்தான்” என்று நினைத்துக்கொண்டு படிவத்தில் “இல்லை” என்று போடாதீர்கள். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டுப் பெரியவர்களில் 15.6 சதவிகிதம் பேருக்கு இனிப்புநீர். இனவாரியாகப் பார்த்தால் நம் இந்தியர்களிடம்தான் அதிகம். இந்த விஷயத்தில் நிறுவனங்கள் நம்மிடம் கூடுதலாக விசாரித்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஏஜெண்ட் “இதையெல்லாம் எழுதாதீங்க, ரெண்டு வருஷம் தாண்டினா ஒண்ணும் செய்ய முடியாது” என்கிறார். உண்மையா?

இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டத்தில் ஒன்பதாவது அட்டவணை என்று ஒன்று உண்டு. நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்கு நியாயமான கவனத்தோடு, உண்மையாகப் பதில் சொல்வது வாடிக்கையாளரின் கடமை என்கிறது அது. தவறான பதிலை மூன்று வகையாகப் பிரிக்கிறது: தெரியாமல் நேர்ந்தது, கவனக்குறைவு, வேண்டுமென்றே செய்தது.  தெரியாமலோ கவனக்குறைவாலோ நேர்ந்தது என்றால், உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்று பார்ப்பார்கள். பாலிசியே கொடுத்திருக்காது என்றால் ரத்து செய்துவிட்டுக் கட்டிய பணத்தைத் திருப்பலாம். அதிகப் பிரிமியம் கேட்டிருக்கும் என்றால் அந்த விகிதத்தில் கிளெய்மைக் குறைக்கலாம். உதாரணத்துக்கு, நீங்கள் 1,200 வெள்ளி (ரிங்கிட்) கட்டினீர்கள், உண்மையில் 1,600 கேட்டிருப்பார்கள் என்று வையுங்கள். 20,000 வெள்ளி பில்லில் 15,000தான் கிடைக்கும். வேண்டுமென்றே மறைத்திருந்தால் பாலிசியை ரத்து செய்து, கிளெய்மையும் மொத்தமாக மறுக்கலாம்.

ஏஜெண்ட் சொல்லும் இரண்டு வருடக் கதை எங்கிருந்து வருகிறது? ஆயுள் காப்புறுதிப் பாலிசி இரண்டு வருடம் தாண்டி நடப்பில் இருந்தால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய அதை நிறுவனம் கேள்வி கேட்க முடியாது. அந்த “ஒழிய” என்ற வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிடுகிறார். பத்து வருடமாக மருந்து எடுக்கும் ஒருவர் “இல்லை” என்று டிக் செய்தால் அதைக் கவனக்குறைவு என்று சொல்லி நம்ப வைப்பது கடினம். அப்புறம், எல்லா மெடிக்கல் கார்டும் ஆயுள் பாலிசியோடு சேர்ந்தது அல்ல.

என் யோசனை இதுதான். படிவத்தை ஏஜெண்ட் டேப்லெட்டில் தட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் நீங்களே படியுங்கள். கையெழுத்துக்கு முன் நகலை வாங்குங்கள். “எழுத வேண்டாம்” என்று சொன்னால், “அதை வாட்ஸ்அப்பில் அனுப்புங்க அண்ணே” என்று கேட்டுப் பாருங்கள். அனுப்ப மாட்டார்.

நான் சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நீங்களே சொல்வீர்கள். கார்டு கொடுத்தவருக்கு அல்ல, டாக்டருக்கு.

மருத்துவமனையில் சேரும்போது சிகிச்சை செய்யும் டாக்டர் நிறுவனத்துக்கு ஒரு படிவம் நிரப்புவார். இந்த நோய் எப்போதிலிருந்து, முதலில் எந்தக் கிளினிக்கில் பார்த்தார், வேறு என்ன நோய் உண்டு என்று அதில் கேட்டிருக்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர் டாக்டரிடம் பொய் சொல்வாரா? எல்லாவற்றையும் சொல்வார். அது அப்படியே படிவத்தில் போகும். பிறகு நிறுவனம் நீங்கள் கையெழுத்திட்ட அனுமதியைக் காட்டிப் பழைய கிளினிக்கில் பதிவுகளைக் கேட்கும்.

இதில் நேர்மையான ஆட்களே மாட்டிக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். பாலிசி எடுத்து ஆறு வருடம், கொதிப்பு வந்து நாலு வருடம். டாக்டர் கேட்டபோது நம் ஊர்ப் பேச்சில், “அது ஒரு பத்து வருஷமா இருக்கும் டாக்டர்” என்று சொல்லிவிட்டார். அந்தப் “பத்து வருஷம்” படிவத்தில் ஏறிவிட்டது. அதைச் சரிசெய்ய பழைய கிளினிக் அட்டையைத் தேடி வீட்டையே புரட்டினார்கள். எனவே எந்த நோய் எந்த வருடம் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி ஐசியோடு வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்டால் அந்தத் தாளைப் பார்த்துச் சொல்லுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் என்னென்ன காகிதம் தயார் செய்வது?

கடைசி ஆறு மாதத்துக்குள் எடுத்த ரத்தப் பரிசோதனை (எச்பிஏ1சி, கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாடு), சிறுநீர்ப் பரிசோதனை, மருந்துச் சீட்டு, கிளினிக்கில் குறித்துத் தரும் ரத்த அழுத்த அளவுகள். அரசு கிளினிக்கில் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு அங்குள்ள சிகிச்சைப் புத்தகமே நல்ல சாட்சி, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று காட்டும் காகிதம் உங்களுக்குத்தான் சாதகம். “ஒன்றும் இல்லை” என்று சொல்லி வெறும் கையோடு போவதைவிட, இரண்டு வருட ரிப்போர்ட்டோடு போனவருக்கு நல்ல நிபந்தனை கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

கடிதம் வந்துவிட்டது. “கூடுதல் பிரிமியம்” என்று ஒன்று, “விலக்கு” என்று இன்னொன்று. எதை எடுப்பது?

கூடுதல் பிரிமியத்தை ஏஜெண்டுகள் லோடிங் என்பார்கள். காசு அதிகம், ஆனால் அந்த நோய்க்கும் கார்டு செல்லும். விலக்கு என்றால் அந்த நோய்க்கும் அதனால் வரும் மற்றவற்றுக்கும் கிடையாது. அந்த “அதனால் வரும்” என்பதில்தான் வயிற்றெரிச்சல் இருக்கிறது. இனிப்புநீரை விலக்கினால் அதனால் வரும் சிறுநீரகப் பழுது, கண் ரத்தக்கசிவு, கால் புண் எல்லாம் அதற்குள் போய்விடலாம். மாரடைப்பும் போகுமா? விலக்கு வாசகத்தைப் பொறுத்தது. கடிதத்தை ஏஜெண்டிடம் காட்டி, “மாரடைப்பு வந்தா இந்தக் கார்டு செல்லுமா?” என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒரே கேள்விதான், ஆனால் பிரிமியத்தில் 200 வெள்ளி குறைவதைவிடப் பெரியது.

என்னைக் கேட்டால், முடிந்தவரை லோடிங். விலக்குள்ள கார்டு வீண் என்று சொல்ல மாட்டேன், விபத்தும் டிங்கியும் புற்றுநோயும் இனிப்புநீர்க்காரருக்கும் வரும்.

தள்ளிவைப்பு என்று வந்தால் மனம் தளராதீர்கள். ஆறு மாதம் கழித்து, அளவு குறைந்த பிறகு வரச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

கார்டு கையில் வந்த நாளிலிருந்தே செல்லுமா?

விபத்துக்கு மட்டும் செல்லும். மற்ற நோய்களுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். சில குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள்: ரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், இதய நோய், கட்டிகளும் புற்றுநோயும், சிறுநீரகக் கல், பித்தக் கல், காது மூக்கு தொண்டைக் கோளாறு, குடலிறக்கம், மூலம், முதுகெலும்புத் தட்டு, முழங்கால் என்று பட்டியல் போகும். 31ஆம் நாளில் டிங்கி வந்தால் சரி, 90ஆம் நாளில் பித்தக் கல் வலித்தால் சொந்தக் காசு.

பழைய கார்டு விலை ஏறிவிட்டது. புதியதுக்கு மாறலாமா?

நீண்டகால நோய் இருப்பவருக்கு என் பதில்: அவசரப்படாதீர்கள். பழைய கார்டு எடுத்தபோது உங்களுக்கு இனிப்புநீர் இல்லை. புதியதில் அது ஏற்கெனவே இருந்த நோய். 30 நாளும் 120 நாளும் மறுபடி முதலிலிருந்து. புதிய கார்டு ஏற்றுக்கொள்ளப்பட்டு, காத்திருப்புக் காலமும் முடிந்த பிறகுதான் பழையதை நிறுத்துவதைப் பற்றியே யோசிக்க வேண்டும். “முதலில் பழையதை நிறுத்திடுங்க” என்று அவசரப்படுத்தும் ஏஜெண்டுக்கு அதில் கமிஷன் இருக்கிறது.

விலையைக் குறைக்க வேறு வழி உண்டு. 2024 செப்டம்பர் 1 முதல், பில்லில் வாடிக்கையாளரும் ஒரு பங்கு போடும் திட்டத்தை எல்லா நிறுவனங்களும் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொல்லியிருக்கிறது. குறைந்தது 5 சதவிகிதம், அல்லது முதல் 500 வெள்ளி உங்களுடையது. பிரிமியம் குறையும். அவசரச் சிகிச்சை, அரசு மருத்துவமனைச் சிகிச்சை, புற்றுநோய், டயாலிசிஸ் போன்ற பெரிய நோய்களின் வெளிநோயாளி தொடர் சிகிச்சை இவற்றுக்கு அந்தப் பங்கை நீங்கள் போட வேண்டியதில்லை. இருக்கும் நிறுவனத்திலேயே மாற்றிக்கொள்ள முடியுமா, புதிதாக உடல்நலக் கேள்வி கேட்பார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

கம்பெனி கார்டு இருக்கிறதே, போதாதா?

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் இதைத்தான் கேட்பார்கள். பெரிய கம்பெனிகளின் குழுக் காப்புறுதியில் ஆளுக்கு ஆள் உடல்நலக் கேள்வி கேட்காமலே சேர்த்துக்கொள்வது வழக்கம். பழைய நோய்க்கும் செல்லும் திட்டங்கள் உண்டு, இனிப்புநீர்க்காரருக்கு அது பெரிய வரம். ஆனால் வேலை போனால் அதுவும் போகும். எச்ஆரிடம் மூன்று கேள்வி: பழைய நோய்க்குச் செல்லுமா, வருடத்துக்கு எவ்வளவு வரை, வேலையை விட்டால் தனிக் கார்டாக மாற்றிக்கொள்ள முடியுமா. மூன்றாவதுக்கு “இல்லை” என்று வந்தால், இன்னும் வயதும் உடம்பும் சாதகமாக இருக்கும்போதே தனியாக ஒன்றுக்கு விண்ணப்பித்து வையுங்கள்.

தீவிர நோய்ப் பாலிசியும் மெடிக்கல் கார்டும் ஒன்றா?

இல்லை. கார்டு மருத்துவமனை பில்லைக் கட்டும். மற்றது, பட்டியலில் உள்ள நோய் வந்தால் மொத்தமாகக் கையில் பணம் தரும். நம் நாட்டுப் பாலிசிகளில் வழக்கமாக 36 நோய்கள் இருக்கும். இனிப்புநீர் அதில் இல்லை, டயாலிசிஸ் வரை போன சிறுநீரகச் செயலிழப்பு உண்டு.

அப்பாவுக்கு 64 வயது, இனிப்புநீர் வந்து 18 வருடம், ஸ்டென்ட் வைத்தாயிற்று. என்ன செய்யலாம்?

தம்பி, தங்கச்சி, மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். தனிக் கார்டு கிடைப்பது மிகவும் கடினம். கிடைத்தாலும் இதயமும் இனிப்புநீரும் விலக்கில் போய்விடும், பிரிமியமோ வானத்தில் நிற்கும். உங்கள் கம்பெனி கார்டில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாவிட்டால் அந்தப் பிரிமியப் பணத்தை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, அப்பாவை அரசு மருத்துவமனையின் பதிவில் உறுதியாக வையுங்கள். பெற்றோர் மருத்துவச் செலவுக்கு 8,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு உண்டு, ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

எல்லா இடத்திலும் மறுத்துவிட்டார்கள். அடுத்து?

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு டாக்டரைப் பார்க்க ஒரு வெள்ளி, மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. வரிசை நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியிலும் கோலாலம்பூர் மருத்துவமனையிலும் இனிப்புநீருக்கு நல்ல வைத்தியம் கிடைக்கிறது.

எஸ்டிஆர் என்ற அரசு ரொக்க உதவி பெறுபவரா? 40 வயது ஆகியிருந்தால் நீங்களும் துணைவரும் பேக்கா பி40 என்ற அரசு சுகாதாரத் திட்டத்துக்குத் தகுதி பெறலாம். ஐசி எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் போதும், தனி விண்ணப்பம் தேவையில்லை. இலவசப் பரிசோதனை உண்டு. அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கு வேண்டிய சாதனங்களுக்கு ஒருவருக்கு வாழ்நாளில் 20,000 வெள்ளி வரை உதவி உண்டு. இது இருப்பதே தெரியாமல் ஸ்டென்ட்டுக்குக் கடன் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவர் 60 வயதுக்கு முன் வேலை செய்ய முடியாத நிலைக்கு வந்தால் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். தகுதி இருந்தால் டயாலிசிஸ் செலவுக்கும் உதவுவார்கள். ஊழியர் சேமநிதியின் செஜாஹ்தெரா கணக்கிலிருந்து, அங்கீகரித்த நோய்களின் சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம். உங்களுக்கு மட்டுமல்ல, துணைவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறப்புகளுக்கும்.

கார்டு இருக்கிறது, ஆனால் மருத்துவமனையில் ஜிஎல் வரவில்லை என்கிறார்கள். மறுத்துவிட்டார்களா?

ஜிஎல் என்பது “பில்லை நாங்கள் கட்டுகிறோம்” என்று நிறுவனம் மருத்துவமனைக்குக் கொடுக்கும் உறுதிக் கடிதம். அது வராததும் கிளெய்ம் மறுக்கப்பட்டதும் ஒன்றல்ல. பாலிசி புதியதாக இருந்தாலோ பழைய நோய் என்று சந்தேகம் வந்தாலோ, “இப்போது நீங்கள் கட்டுங்கள், பிறகு விசாரித்துச் சொல்கிறோம்” என்பார்கள். முகப்பில் இருக்கும் பெண்ணைத் திட்டிப் பயனில்லை, முடிவு அவள் கையில் இல்லை. (அந்தப் பெண்ணாக இருந்தவள் சொல்கிறேன்.) ஜிஎல் மறுத்ததற்குக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அசல் ரசீது, பில் விவரம், டாக்டர் ரிப்போர்ட் எல்லாவற்றையும் வாங்கி, பணம் திரும்பக் கேட்டு விண்ணப்பியுங்கள். திட்டமிட்ட அறுவைச் சிகிச்சை என்றால் தேதிக்குச் சில நாள் முன்பே ஜிஎல் கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்த பிறகு படுக்கையில் படுப்பது நிம்மதி.

கிளெய்மை மறுத்தது அநியாயம் என்று நினைக்கிறேன். எங்கே போவது?

முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதி, இறுதி முடிவை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை நடுவர் சேவைக்குப் போகலாம். எஃப்எம்ஓஎஸ் என்பார்கள், 2025 ஜனவரி முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. 250,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுப்பார்கள், உங்களுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். பேங்க் நெகாராவின் தொலைபேசி 1-300-88-5465. வழி தெரியாவிட்டால் அங்கே கேட்கலாம்.

கார்டு தபாலில் வந்துவிட்டது. இப்போது என்ன பார்க்க வேண்டும்?

பாலிசிப் புத்தகத்தோடு, நீங்கள் நிரப்பிய படிவத்தின் நகலும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் சொன்ன பதிலும் அதில் அச்சாகியிருக்கும் பதிலும் ஒன்றாக இருக்கின்றனவா? “உண்டு” என்று சொன்னது “இல்லை” என்று மாறியிருந்தால் அன்றைக்கே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள், ஏஜெண்டுக்கு மட்டும் சொல்லிவிட்டு விடாதீர்கள். விலக்கு எழுதிய தாளைத் தனியாக எடுத்துப் படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் பாலிசி கையில் கிடைத்த 15 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். மருத்துவப் பரிசோதனைச் செலவு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு கட்டிய பிரிமியத்தைத் திருப்பித் தருவார்கள். வந்த உறையின் மேல் தேதியை எழுதி வையுங்கள், அந்த 15 நாள் அதிலிருந்துதான் ஓடும்.